அமெரிக்கன் ஃபுட்பால்: என் மகன் நழுவவிட்ட பாஸ் ஏன் ‘இன்கம்ப்ளீட்’ ஆகவில்லை?

கரிசல்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோவில்பட்டி, இப்போது டல்லாஸுக்கு வடக்கே குடியிருக்கிறோம். மகன் ஒன்பதாவது படிக்கிறான். இந்த வருஷம்தான் பள்ளி ஃபுட்பால் அணியில் சேர்ந்தான், ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவன். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட்டும் கபடியும்தான். அவனுக்காகவே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குவாட்டர்பேக் பந்தை வாங்கி, பக்கத்தில் ஓடிய என் மகனுக்கு எறிந்தான். கையில் பட்டு நழுவித் தரையில் விழுந்தது. பாஸ் பிடிபடவில்லை, ‘இன்கம்ப்ளீட்’, இனி அடுத்த டவுன் (அடுத்த முயற்சி) என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் பையன்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிரணிப் பையன் ஒருவன் மட்டும் ஓடிவந்து பந்தை எடுத்து, யாரும் துரத்தாமலே எண்டு சோன் (கோல் கோட்டுக்கு அப்பால் உள்ள பகுதி) வரை போய்விட்டான். டச்டவுன் கொடுத்துவிட்டார்கள். ஆறு புள்ளியில் தோற்றோம்.

வீடு வரும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி “அப்பா, அது இன்கம்ப்ளீட்தானே?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல் (தொழில்முறை லீக்) பார்க்கும்போதும் பாஸ் விஷயத்தில் பாதி முடிவுகள் எனக்குப் புரிவதில்லை. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

மெரினா_காற்று:

எனக்கும் அதே சந்தேகம். சென்னையில் விடிகாலை 5 மணிக்கு எழுந்து சூப்பர் பவுல் இறுதிப் போட்டி மட்டும் பார்ப்பேன். பந்து கீழே விழுந்தால் சில சமயம் எல்லாரும் சாவகாசமாகத் திரும்பி நடக்கிறார்கள், சில சமயம் குவியலாக மேலே விழுகிறார்கள். எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

விசில்:

கரிசல் அண்ணே, ரெஃப்ரி செய்தது சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் தப்பு தம்பி ஒருவன் தலையில் விழ வேண்டியதில்லை, அதை அவனிடம் முதலில் சொல்லுங்கள். நியூ ஜெர்சியில் பதினோரு வருஷமாகப் பள்ளி ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாகப் போகிறேன். நீங்கள் சொன்ன காட்சி இல்லாமல் ஒரு பருவம்கூடக் கழிந்ததில்லை.

பாஸ் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு காரியங்களைச் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முன்னால் போகும் பாஸ் ஒன்று, பின்னால் போகும் பாஸ் ஒன்று. முன்னால் போனது யார் கையிலும் சிக்காமல் தரையைத் தொட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். பின்னால் போனது தரையில் விழுந்தாலும் பந்துக்கு உயிர் இருக்கும், யார் எடுத்தாலும் அவருடையது, எடுத்துக்கொண்டு ஓடலாம். மெரினா கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில்.

எது முன், எது பின் என்பதை ஆட்டக்காரன் முகம் பார்க்கும் திசையை வைத்துச் சொல்வதில்லை, மைதானத்தின் யார்டுக் கோடுகளை வைத்துச் சொல்கிறோம். பந்து கையை விட்ட இடத்தையும் அது முதலில் எதையாவது தொட்ட இடத்தையும் பார்க்க வேண்டும். தொட்ட இடம் எதிரணியின் கோல் கோட்டுக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தால் அது முன் பாஸ். கோட்டுக்கு இணையாக நேர் பக்கவாட்டில் போயிருந்தால்கூடப் பின் பாஸ் கணக்குத்தான். டிவியில் ‘லேட்டரல்’ என்பார்களே, அது இதுதான்.

உங்கள் குவாட்டர்பேக் எந்த யார்டில் நின்று எறிந்தான், தம்பி எந்த யார்டில் நின்றான்? வீடியோ இருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

கரிசல்காட்டான்:

விசில் தம்பி, இன்னொரு பையனின் அம்மா வீடியோ எடுத்தார்கள், கேட்டு வாங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஒரே பந்து, ஒரே கை. ஒரு யார்டு முன்னால் விழுந்தால் நஷ்டமே இல்லை, ஒரு யார்டு பின்னால் விழுந்தால் எதிரிக்கு டச்டவுன். இதில் என்ன நியாயம்?

விசில்:

நல்ல கேள்வி அண்ணே. பதில் சரித்திரத்தில் இருக்கிறது.

இந்த ஆட்டம் ரக்பியிலிருந்து வந்தது. ரக்பியில் பின்னால் மட்டும்தான் எறியலாம், கீழே விழுந்தால் ஆட்டம் தொடரும். அந்த உரிமை அமெரிக்க ஆட்டத்தில் ஆதியிலிருந்தே உண்டு, எத்தனை தடவை வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் எறியலாம். முன்னால் எறிவது அப்படி வந்தது இல்லை. 1905-இல் கல்லூரி, பள்ளி மைதானங்களில் முட்டி மோதிப் பல இளைஞர்கள் இறந்துபோனார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். கூட்டமாக மோதுவதைக் குறைக்க 1906-இல் முன் பாஸை அனுமதித்தார்கள்.

அதுவும் தயக்கத்தோடுதான். அந்த வருஷ விதிப்படி யார் மீதும் படாமல் தரையில் விழுந்த முன் பாஸ் எதிரணிக்குச் சொந்தம்! 1906 செப்டம்பர் 5 அன்று செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன், கரோல் கல்லூரிக்கு எதிராக முதல் சட்டபூர்வமான முன் பாஸை எறிந்தார். அது யாரிடமும் சேரவில்லை, பந்து கைமாறியது. பிறகு அதே ஆட்டத்தில் ஜாக் ஷ்னைடருக்கு எறிந்து டச்டவுன் வாங்கினார். விழுந்தால் நஷ்டமில்லை என்ற பாதுகாப்பெல்லாம் பிற்பாடு, முன் பாஸை வளர்ப்பதற்காகச் சேர்த்தது.

அதனால் நான் புது ரெஃப்ரிகளிடம் சொல்வது இதுதான்: பின்னால் எறிவது பிறப்புரிமை, முன்னால் எறிவது நிபந்தனையோடு கொடுத்த சலுகை. ஒரு டவுனுக்கு ஒரே ஒரு முன் பாஸ். அதுவும் ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் இருந்து மட்டும். பிடிக்கத் தகுதி உள்ளவர்கள் மட்டும் பிடிக்கலாம். அடி விழுமே என்று பயந்து ஆளில்லாத இடத்தில் எறியக் கூடாது. நீங்கள் குழம்பும் பாஸ் விதிகளில் முக்கால்வாசி இந்தச் சலுகைக்குப் போட்ட வேலிகள்தான். பின் பாஸுக்கு வேலியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

தாமிரபரணி_82:

அருமை விசில் அண்ணாச்சி. நான் பத்து வருஷமா பார்க்கேன், இப்படி யாரும் சொல்லித் தந்ததில்ல.

பின் பாஸ் பெரிய ஆட்டக்காரனையும் கவுத்திருக்கு, கரிசல் அண்ணாச்சி. 2022 டிசம்பர் 18, லாஸ் வேகாஸ்ல பேட்ரியாட்ஸும் ரெய்டர்ஸும் 24-24. கடைசி ஓட்டம். பேசாம கீழ விழுந்திருந்தா ஓவர்டைம். பேட்ரியாட்ஸ் ஆளு ஸ்டீவன்சன் ஓடிப்போயி ஜக்கோபி மையர்ஸுக்குத் திருப்பிப் போட, மையர்ஸ் இன்னும் பின்னால நின்ன குவாட்டர்பேக் மாக் ஜோன்ஸுக்கு எறிஞ்சாரு. நடுவுல ரெய்டர்ஸ் ஆளு சாண்ட்லர் ஜோன்ஸ் அதைப் புடிச்சு, மாக் ஜோன்ஸையும் தள்ளிவிட்டுட்டு டச்டவுன் வரைக்கும் போயிட்டாரு. 30-24. சம்பளம் வாங்குத ஆளுக்கே அது நடக்கு. ஒன்பதாம் வகுப்புப் பய மனசு ஒடிய வேண்டாம்னு சொல்லுங்க.

அதே பின் பாஸ்தான் டென்னஸிக்காரங்களுக்குச் சோறு போட்டுது. 2000 ஜனவரி 8, பஃபலோ பில்ஸ் 16-15 முன்னணி, 16 விநாடி மிச்சம். கிக்-ஆஃப் பந்து ஃபிராங்க் வைசெக் கைக்கு வந்துச்சு. அவர் மைதானத்தோட அந்தப் பக்கம் நின்ன கெவின் டைசனுக்கு எறிஞ்சாரு. டைசன் 75 யார்டு ஓடி டச்டவுன். அது ஒரு முழம் முன்னால போச்சா பின்னால போச்சான்னு பஃபலோக்காரங்க இன்னைக்கும் சண்டை போடுதாங்க. ரீப்ளே பார்த்துட்டுச் செல்லும்னுட்டாங்க.

யாழ்தேவி_ரொறன்ரோ:

வணக்கம். நான் ரொறன்ரோவிலை இருக்கிறன். இஞ்ச கனடிய ஆட்டம் வேறை மாதிரி, மூண்டு டவுன், பன்னிரண்டு பேர். ஆனா வீட்டிலை எல்லாரும் என்.எஃப்.எல்-தான் பாக்கினம்.

பின் பாஸ் இப்ப வடிவா விளங்கீட்டுது, நன்றி அண்ணா. எனக்கு விளங்காதது பிடிக்கிறதைப் பற்றி. ரெண்டு கையாலையும் பிடிச்சு, கால் ஊண்டி, நிலத்திலை விழுந்தாப் பிறகும் “பிடிக்கேல்லை” எண்டு சொல்லுகினம். என்ரை மனுசன் டல்லாஸ் கௌபாய்ஸ் ஆதரவாளர். டெஸ் பிரையன்ட் கதையை எடுத்தா அண்டைக்குச் சாப்பாடும் இறங்காது அவருக்கு.

மெரினா_காற்று:

அந்த டெஸ் பிரையன்ட் கதை என்ன? எனக்குத் தெரியாது.

தாமிரபரணி_82:

2015 ஜனவரி 11, கிரீன் பே லாம்போ ஃபீல்டு, பிளேஆஃப். கௌபாய்ஸுக்கு நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, 2 யார்டு தேவை. குவாட்டர்பேக் ரோமோ தூக்கி எறிஞ்சதை பிரையன்ட் எகிறிப் புடிச்சாரு, கோல் கோட்டைப் பார்த்துக் கையை நீட்டிக்கிட்டே விழுந்தாரு. தரையில மோதினதும் பந்து துள்ளிட்டுது. மைதானத்துல புடிச்சதாத்தான் முடிவு. எதிரணி பேக்கர்ஸ் பயிற்சியாளர் மறுபரிசீலனை கேட்டதும் புடிக்கலைன்னு மாத்திட்டாங்க. 26-21, கௌபாய்ஸ் வெளிய.

இதுக்கு முன்னோடி 2010 செப்டம்பர் 12. லயன்ஸோட கால்வின் ஜான்சன் சிகாகோவுல எண்டு சோன்ல ஒத்தைக் கையில புடிச்சு, ரெண்டு காலும் ஊனி, உட்கார்ந்து, எந்திரிக்கையில பந்தைத் தரையில வச்சு விட்டுட்டாரு. அதுவும் செல்லாது. லயன்ஸ் 19-14 தோல்வி. ரெண்டு ஆட்டத்துக்கும் தலைமை ரெஃப்ரி ஒரே ஆளு, ஜீன் ஸ்டெரட்டோர். அவர் மேல எனக்குக் குறை இல்ல, அன்னைக்கு விதி அப்படித்தான் இருந்துச்சு. விழுந்துகிட்டே புடிச்சா, தரையில மோதி முடியுத வரைக்கும் பந்து கையை விட்டுப் போகக் கூடாது.

கிரிக்கெட் தெரிஞ்சவங்களுக்கு இது சுலபமா வெளங்கும். 1999 உலகக் கோப்பை, ஹெடிங்லி. ஸ்டீவ் வாஹ் 56-ல இருக்கையில ஹெர்ஷல் கிப்ஸ் கைக்கு லட்டு மாதிரி கேட்ச் வந்துச்சு. புடிச்ச சந்தோஷத்துல மேல தூக்கிப் போடப் போயி நழுவிட்டுது. நாட் அவுட். வாஹ் 120 அடிச்சு ஜெயிக்க வச்சாரு. பந்து மேலயும் தன் உடம்பு மேலயும் முழுக் கட்டுப்பாடு வந்தாத்தான் கேட்ச்சுன்னு கிரிக்கெட் விதி. ஃபுட்பால்லயும் அதே கேள்விதான்: கட்டுப்பாடு எந்த நொடியில முழுசாகுது?

விசில்:

தாமிரபரணி சொன்ன ஒப்பீட்டை இனி நானும் பயன்படுத்திக்கொள்கிறேன்.

யாழ்தேவி அக்கா, 2018 மார்ச்சில் அந்த விதியை 32 அணிகளும் சேர்ந்து மாற்றிவிட்டன. இப்போது மூன்று படி. பந்து கையில் கட்டுக்குள் வர வேண்டும். இரண்டு காலோ, உடம்பின் வேறு பாகமோ (உள்ளங்கையும் பாதமும் இல்லாத பாகம், முழங்கால், முழங்கை, இடுப்பு மாதிரி) மைதானத்துக்குள் பட வேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு அடி வைப்பது, பந்தை எல்லையை நோக்கி நீட்டுவது, நெஞ்சோடு அணைப்பது போல ஆட்டத்துக்கான ஒரு செயலைச் செய்ய வேண்டும், அல்லது செய்யும் அளவுக்கு நேரமாவது பந்து கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகு தரையில் மோதிப் பந்து துள்ளினால் கவலை இல்லை. பிரையன்ட் பிடித்தது இன்றைய விதியில் செல்லும். அண்ணனிடம் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

கரிசல் அண்ணே, உங்களுக்கு ஒரு முக்கிய விஷயம். டெக்ஸாஸ் பள்ளிகள் சில மாற்றங்களோடு கல்லூரி விதிப் புத்தகத்தைத்தான் பின்பற்றுகின்றன. அதனால் தம்பிக்கு ஒரு கால் உள்ளே பட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல்-இல் இரண்டு கால் கேட்பார்கள். நீங்கள் குழம்புவதற்குப் பாதிக் காரணம் வாரத்துக்கு இரண்டு விதிப் புத்தகம் பார்ப்பதுதான்!

யாழ்தேவி_ரொறன்ரோ:

வாசிச்சுக் காட்டினன். “பதினோரு வருஷமா நான் சொன்னது இதுதானே” எண்டு எழும்பி நிண்டுட்டார். கனடாவிலையும் ஒரு கால் உள்ளுக்கை பட்டாக் காணும்.

வெள்ளியும்_கருப்பும்:

சான் ஹோசேயிலிருந்து எழுதுகிறேன், 1998 முதல் ரெய்டர்ஸ் ரசிகன். பந்து முன்னால் போனதா என்ற கேள்வி எங்களுக்கு ஒரு பருவத்தையே பறித்தது, அதையும் இந்த இழையில் சொல்லியாக வேண்டும்.

2002 ஜனவரி 19, ஃபாக்ஸ்பரோ, கொட்டும் பனி. ரெய்டர்ஸ் 13-10 முன்னணி, இரண்டு நிமிடம்கூட இல்லை. எங்கள் சார்லஸ் வுட்சன் பாய்ந்து பேட்ரியாட்ஸ் குவாட்டர்பேக் டாம் பிரேடியை அடிக்கிறார், பந்து விழுகிறது, எங்கள் ஆள் அதன் மேல் விழுகிறார். முடிந்தது என்று கட்டிப் பிடித்துக்கொண்டோம். தலைமை ரெஃப்ரி வால்ட் கோல்மன் ரீப்ளே பார்த்துவிட்டு இன்கம்ப்ளீட் பாஸ் என்றார். 1999-இல் சேர்த்த விதி அது: எறிவதற்காகக் கை முன்னால் நகரத் தொடங்கிவிட்டால், எறியும் எண்ணத்தைக் கைவிட்டுப் பந்தை மார்போடு இழுக்கும்போது நழுவினாலும் அது முன் பாஸ். அதாவது எறியாத பந்தும் பாஸ்! பேட்ரியாட்ஸின் வினட்டியேரி பனியில் 45 யார்டிலிருந்து பந்தை உதைத்து ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்தார், ஓவர்டைமில் 16-13. அந்த வருஷ சூப்பர் பவுலையும் அவர்களே வென்றார்கள்.

2013 மார்ச்சில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். விசில் அவர்கள் சொன்ன ‘சலுகை’ என்ற கோணத்தில் இன்றுதான் யோசித்தேன். சலுகையை எறியாத பந்துக்கும் நீட்டினார்கள், அதுதான் தவறு என்று இப்போதும் நம்புகிறேன். இழுக்கும் பந்து பாஸ் இல்லை.

விசில்:

உங்கள் கருத்தோடு நான் உடன்படுகிறேன் சார். கோல்மன் அன்றைய விதியைத்தான் நடப்பித்தார், விதிதான் பிசகு. இன்றைக்கு நாங்கள் பார்ப்பது ஒன்றே: பந்து கையை விட்டபோது கை இன்னும் எறிந்துகொண்டிருந்ததா, இல்லையா.

கரிசல்காட்டான்:

இன்னும் இரண்டு கேள்வி, கோபிக்க வேண்டாம். பந்து வரும்போது ரிசீவரை (பாஸ் பிடிக்க ஓடுகிறவனை) இடித்தால் மஞ்சள் துணி எறிகிறார்களே, பள்ளியில் 15 யார்டு கொடுக்கிறார்கள், டிவியில் சில நேரம் 40 யார்டு கொடுக்கிறார்கள். ஏன்? அப்புறம், தடியான பையன்கள் சும்மா நிற்கும்போது பந்து வந்தால் பிடிக்கக் கூடாதாமே?

விசில்:

இடிப்பதற்கான தண்டனையில் இரண்டு புத்தகமும் வேறு. என்.எஃப்.எல்-இல் தவறு எங்கே நடந்ததோ அங்கே பந்து, 40 யார்டு தள்ளி நடந்தால் 40 யார்டு. எண்டு சோனுக்குள் என்றால் 1 யார்டு கோட்டில் வைப்பார்கள். உங்கள் பக்கம் கல்லூரிக் கணக்கு, 15 யார்டு உச்சவரம்பு. இரண்டிலும் ஃபர்ஸ்ட் டவுன் (முயற்சிகள் மறுபடி முதலிலிருந்து) உண்டு. எங்கள் நியூ ஜெர்சிப் பள்ளிகளில் 15 யார்டு மட்டும், ஃபர்ஸ்ட் டவுன் தானாக வராது. பந்து வழியில் எவர் கையிலாவது பட்டுவிட்டால் அதன் பிறகு இடித்தது இந்தத் தவறில் சேராது.

கண்ணால் பார்த்துச் சொல்லும் முடிவு என்பதால் இதில்தான் பெரிய காயங்கள். 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸில் ராம்ஸ் ஆட்டக்காரர் ராபி-கோல்மன் பந்து வருமுன்பே செயின்ட்ஸ் ரிசீவரை மோதித் தள்ளினார், துணி விழவில்லை. ராம்ஸ் ஓவர்டைமில் 26-23 வென்று சூப்பர் பவுல் போனது. அடுத்த பருவம் அதை ரீப்ளேயில் பார்க்க அனுமதித்தார்கள், சரிப்படவில்லை, ஒரே வருஷத்தில் கைவிட்டார்கள். ரெஃப்ரியாக இருக்கிற எனக்கு அந்த வீடியோ இன்றும் வலிக்கிறது. அந்த இடத்தில் நின்றிருந்தால் நான் பார்த்திருப்பேனா என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

தடியான பையன்கள்: முன் வரிசையில் ஏழு பேர் நிற்க வேண்டும், அதில் இரண்டு ஓரத்து ஆட்களும் பின்னால் நிற்பவர்களும்தான் முன் பாஸ் பிடிக்கலாம். 50 முதல் 79 வரை எண் போட்டவர்களுக்குத் தகுதி இல்லை. என்.எஃப்.எல்-இல் ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டு அந்த எண்ணோடும் பிடிக்கலாம். 2023 டிசம்பர் 30 அன்று உங்கள் ஆர்லிங்டனிலேயே வெடித்தது இதுதான். லயன்ஸின் 68-ஆம் எண் டெக்கர் பந்தைப் பிடித்து இரண்டு புள்ளி எடுத்தார். தகுதி கேட்டது 70-ஆம் எண் என்று ரெஃப்ரி அறிவித்திருந்ததால் செல்லாமல் போனது, கௌபாய்ஸ் 20-19.

ஆனால் கவனியுங்கள், இந்தக் கட்டுப்பாடும் முன் பாஸுக்கு மட்டும்தான். பின் பாஸை எந்த எண் போட்டவனும் பிடிக்கலாம், ஓடலாம். மறுபடி அதே பிறப்புரிமை.

மெரினா_காற்று:

நேரத்தை நிறுத்தக் குவாட்டர்பேக் பந்தைத் தரையில் அறைகிறாரே, அது ஆளில்லாத இடத்தில் எறிவதுதானே? அதற்கு ஏன் தண்டனை இல்லை?

விசில்:

அதற்கென்றே விலக்கு எழுதியிருக்கிறார்கள். பந்து கைக்கு வந்த உடனே, தாமதிக்காமல் அறைந்தால் தண்டனை இல்லை. முன் பாஸாக அறைய வேண்டும் என்பதும் முக்கியம். பின்னால் போய் விழுந்தால் உயிருள்ள பந்து.

கரிசல்காட்டான்:

வீடியோ கிடைத்துவிட்டது. நானும் மகனும் நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தோம். குவாட்டர்பேக் கையை விட்டுப் பந்து கிளம்பியது 34 யார்டு கோட்டின் மேல். மகன் கையில் பட்டது 33-ஐயும் கொஞ்சம் தாண்டிப் பின்னால். விசில் தம்பி சொன்னதே சரி, பின் பாஸ்தான். அவனே விரலை வைத்துக் காட்டி “அப்பா, இது பின்னாலதான்” என்றான்.

இன்னொன்றையும் கவனித்தோம். ஓரக் கோட்டில் நின்ற ரெஃப்ரி, பந்து பறந்துகொண்டிருக்கும்போதே கையைப் பின்பக்கமாகக் குத்துவதுபோல் நீட்டுகிறார். அதற்கு அர்த்தம் உண்டா?

விசில்:

உண்டு அண்ணே! ‘இது பின் பாஸ், நான் பார்த்துவிட்டேன்’ என்று மற்ற ரெஃப்ரிகளுக்குச் சொல்லும் சைகை. விழுந்தாலும் யாரும் விசில் ஊதிவிடக் கூடாது என்பதற்காக. அந்த ரெஃப்ரி தன் வேலையை நன்றாகச் செய்திருக்கிறார். தம்பியிடம் சொல்லுங்கள்: சைகையைத் தேடிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது, விசில் கேட்கும் வரை பந்து மேல் விழு. முன் பாஸாக இருந்தால் முழங்காலில் கொஞ்சம் புல் ஒட்டும், அவ்வளவுதான்.

கரிசல்காட்டான்:

சொன்னேன். இன்று சாயந்தரம் பின்கட்டில் நான் பக்கவாட்டில் எறிய, அவன் வேண்டுமென்றே கீழே விட்டுவிட்டு மேலே விழுந்து விழுந்து பழகினான். நாற்பது தடவையாவது இருக்கும். குவாட்டர்பேக் பையனும் வந்திருந்தான். வியாழக்கிழமை அடுத்த ஆட்டம், எழுதுகிறேன்.